கண்டம் தாண்டுவதற்கு முன் கணைக்கால்

கேள்வி: எனக்கு வயது 43. பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடுகிறேன். 11 மாரத்தான், ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டம் முடித்திருக்கிறேன். ஒரு கண்டத்தை ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைவரை ஓடிக் கடக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஏறத்தாழ 5,000 கி.மீ. நாளுக்கு 50 வீதம் 100 நாள். விடுப்பு கிடைத்துவிட்டது, இன்னும் ஐந்து மாதத்தில் புறப்படுகிறேன். நண்பர் ஒருவர் வண்டியில் உடன் வருகிறார். தூரத்தைக் கூட்டிக்கொண்டே வந்ததில், ஆறு வாரமாக இடது கணைக்காலின் உள்பக்கம், கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே வலி இருக்கிறது. முதலில் நாலு கி.மீ. ஓடியதும் போய்விடும். இப்போது போவதில்லை, ராத்திரியிலும் லேசாகக் குடைகிறது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறேன். உடம்பு பழகிவிடும்தானே? சாப்பாடு, தண்ணீர், ஷூ எல்லாவற்றுக்கும் வழி சொல்லுங்கள். என் மனைவி இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார். நீங்கள் சொன்னால் ஒருவேளை கேட்பார்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

விளையாட்டு மருத்துவரின் பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

எந்தக் கண்டம், எங்கிருந்து எங்கே என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். உங்களை அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் அதை வெட்டிவிட்டேன். நாள்வாரியாகப் போட்டிருந்த அட்டவணை அழகாக இருந்தது. மூன்று பக்கக் கடிதத்தில் கணைக்கால் வலிக்கு நீங்கள் கொடுத்த இடம் நாலே வரி. நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த நாலு வரியைத்தான்.

அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றிலிருந்து ஓடாதீர்கள். மாத்திரையையும் நிறுத்துங்கள். இந்த வாரத்துக்குள் எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ நேரில் பார்த்து, அந்தக் காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வெறும் எக்ஸ்ரே எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் சந்தோஷப்பட்டுக்கொண்டு வீடு திரும்பிவிடாதீர்கள். எலும்பில் விழும் மயிரிழை விரிசல் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. அது ஆறத் தொடங்கி, அந்த இடத்தில் புது எலும்பு தடித்த பிறகுதான் பல பேருக்கு நிழலாகவாவது தெரியவரும்.

டாக்டரிடம் போகும்வரை வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை வலது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, விரற்கடை விரற்கடையாக அழுத்திக்கொண்டே வாருங்கள். அரைச் சாண் நீளத்துக்கு எங்கே தொட்டாலும் வலிக்கிறது என்றால், பெரும்பாலும் ஓட்டக்காரர்கள் ஷின் ஸ்பிளின்ட் என்று சொல்லும் தொல்லை அது. எலும்பின் விளிம்பு நெடுக நொந்துபோயிருக்கிறது, ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். அப்படியில்லாமல், ஒரு விரல் நுனியால் மூடிவிடக்கூடிய ஒரே இடத்தில் மட்டும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறீர்கள் என்றால் விரிசலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இரண்டு சொற்கள் என்னை உறுத்துகின்றன. ‘போவதில்லை’ என்பது ஒன்று, ‘ராத்திரியிலும்’ என்பது இன்னொன்று. உடல் சூடானதும் மறையும் வலி, சூடான பிறகும் மறையாத வலியாகி, படுத்திருக்கும்போதும் வலிக்கிற நிலைக்கு வருவது எலும்பு விரிசலுக்கு வழக்கமான பாதை. நீங்கள் அதில் முக்கால்வாசி வந்துவிட்டீர்கள்.

உங்களுக்கு வலிப்பது உள்விளிம்பு என்பதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அங்கே வரும் விரிசல் சொன்ன பேச்சைக் கேட்கும். ஓட்டத்தை நிறுத்தினால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பெரும்பாலும் கூடிவிடும், அதன் பிறகு நடை, நடையோடு கொஞ்சம் ஓட்டம் என்று படிப்படியாகத் திரும்பலாம். இதே விரிசல் எலும்பின் முன்விளிம்பில் வந்தால் கதை வேறு. ஒவ்வொரு அடிக்கும் அந்த இடம் இழுபட்டுத் திறக்கும், ரத்த ஓட்டமும் குறைவு. மாதக்கணக்கில் கூடாமல் கிடந்து, ஒருநாள் ஓடும்போதே முழுதாக முறிந்தவர்கள் உண்டு. எது எந்த விளிம்பு என்று விரலால் சத்தியம் செய்ய முடியாது. எம்.ஆர்.ஐ. கேட்பது அதற்காகவும்தான்.

‘உடம்பு பழகிவிடும்தானே?’ என்று கேட்கிறீர்கள். உடம்பு என்பது ஒரே சாமான் இல்லை. இதயமும் தசையும் சில வாரங்களில் புதுச் சுமைக்குப் பழகிவிடும், ‘ஆகா, மூச்சே வாங்கவில்லையே’ என்று தோன்றும். எலும்பு வேறு கணக்கில் நடக்கிறது. சுமை கூடினால் அது முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கும், பிறகுதான் அந்தக் குழியில் புதிதாகக் கட்டும். அரிக்க இரண்டு மூன்று வாரம் போதும், கட்டி இறுக மூன்று மாதமும் அதற்கு மேலும் ஆகும். சுவரில் செங்கலைப் பெயர்த்துவிட்டு, புதுச் செங்கல் வைத்த பூச்சு காயும்முன் அதன்மேல் இன்னொரு மாடி எழுப்பினால் என்ன ஆகும்? மூச்சு வாங்காத உற்சாகத்தில் வாராவாரம் தூரத்தைக் கூட்டியவர்களின் கணைக்காலில் நடப்பது அதுதான்.

பழகுவதைப் பற்றி ஓர் அருமையான ஆய்வு உண்டு. 2009-இல் இத்தாலியின் பாரி நகரிலிருந்து நார்வேயின் வடமுனைவரை ஓர் ஓட்டப் பந்தயம் நடந்தது. 64 நாள், ஏறத்தாழ 4,500 கி.மீ., ஒருநாள்கூட ஓய்வில்லை. ஜெர்மானிய மருத்துவர்கள் ஒரு லாரியில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டக்காரர்கள் பின்னாலேயே போனார்கள். கணுக்கால், பாதக் குருத்தெலும்பு முதல் 1,500 முதல் 2,500 கி.மீ. வரை தேய்மானத்தின் அறிகுறிகளைக் காட்டியது. அதற்குப் பிறகு, ஓட்டம் நிற்காமலே, அது தன்னைச் சீர்செய்துகொள்ளத் தொடங்கியது! குருத்தெலும்பு அப்படியெல்லாம் தேறாது என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் கண்டார்கள். ஓடி முடிக்கும் நேரத்தில் மூளையின் சாம்பல்நிறப் பகுதியின் கன அளவு சுமார் 6 சதவீதம் சுருங்கியிருந்தது, எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. ஆக, உங்கள் ஓட்டம் கடற்கரையில் முடிந்துவிடாது. உடம்பின் கணக்கில் இன்னும் அரை வருடத்துக்குமேல் பாக்கி இருக்கும். ஓடி முடித்த மறுவாரமே அலுவலகம் என்று அட்டவணையில் போட்டிருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள்.

இனி அந்த 50 கி.மீ. கணக்குக்கு வருவோம்.

11 மாரத்தான் ஓடியவருக்கு 50 பெரிய எண்ணாகத் தெரியாது. ஒருநாளைக்குத் தெரியாது. பெரிய தூரங்களை ஓடி முடித்தவர்களின் தினசரிச் சராசரியைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் டாம் டென்னிஸ் 2011 டிசம்பர் 31 அன்று சிட்னியில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 26,232 கி.மீ. ஓடி, 622 நாளில் அங்கேயே வந்து சேர்ந்தார். வகுத்தால் நாளுக்கு 42 கி.மீ. சொச்சம், கிட்டத்தட்ட ஒரு மாரத்தான். டென்மார்க்கின் யெஸ்பர் ஓல்சன் 2004, 2005-இல் உலகைச் சுற்றியபோது நாளுக்கு 40-ஐ ஒட்டித்தான் வருகிறது. எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் 1980-இல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே 143 நாள் ஓடினார். 5,373 கி.மீ., நாளுக்கு 37 சொச்சம். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி அவரை நிறுத்தாதிருந்தால் மறுகரை கண்டிருப்பார். ரஸ் குக் என்ற ஆங்கிலேய இளைஞர் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து வடகோடிவரை 16,000 கி.மீ.க்கு மேல் ஓடி 2024 ஏப்ரலில் முடித்தார். போட்டிருந்த திட்டம் 240 நாள், ஆனது 352 நாள். அங்கோலாவில் துப்பாக்கிமுனையில் கொள்ளை, நைஜீரியாவில் முதுகுவலி, அல்ஜீரியா விசா இழுபறி. இருபத்தேழு வயதுக்காரருக்கே ஒன்றரை மடங்கு நாள் பிடித்தது.

இதைவிட வேகமாக ஓடியவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பீட் கோஸ்டெல்னிக் 2016-இல் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு 42 நாள் ஆறரை மணி நேரத்தில் போனார். நாளுக்கு 115 கி.மீ.க்கு மேல். அவரை உதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். 1928-இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க்குக்கு நடந்த பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 199 பேர் புறப்பட்டு 55 பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள். விலகியவர்களில் நிறையப் பேர் முதல் சில நாட்களிலேயே போனார்கள். வென்றவர் ஆண்டி பெய்ன் என்ற இருபது வயதுப் பையன், 84 நாளில். பெயர்பெற்ற ஓட்டக்காரர்கள் பலரும் வழியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

என் கருத்து இது: 50 என்பதை 40 ஆக்குங்கள், ஏழு நாளைக்கு ஒருநாள் ஓடாத நாள் வையுங்கள். 5,000 கி.மீ.க்கு 125 ஓட்ட நாள், 20 ஓய்வு நாள், எதிர்பாராததற்கு 15 நாள், மொத்தம் 160. விடுப்பு போதாது என்பீர்கள். அப்படியானால் பாதிக் கண்டத்தை இந்த முறையும் மீதியை அடுத்த முறையும் ஓடுங்கள். ‘அது முழுதாக ஓடியது ஆகுமா?’ என்று யாராவது கேட்டால் அவரைப் பத்து நாள் உங்களோடு ஓடச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள். என்னைப் பொறுத்தவரை பல நாள் ஓட்டத்தின் பாதி விஷயம் அதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கிலோ உடல் எடையை ஒரு கிலோமீட்டர் ஓட்டிச்செல்ல ஏறத்தாழ ஒரு கிலோகலோரி. நீங்கள் 70 கிலோ, 50 கி.மீ. என்றால் ஓட்டத்துக்கு மட்டும் 3,500. சும்மா படுத்துக் கிடந்தாலே உடம்பு எடுத்துக்கொள்வது ஒரு 1,600. இதர நடமாட்டத்தையும் செரிமானச் செலவையும் சேர்த்தால் ஐந்தாயிரத்தைத் தாண்டும். ‘அதற்கென்ன, சாப்பிட்டுவிட்டால் போகிறது’ என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 2015-இல் அமெரிக்காவின் குறுக்கே வாரத்துக்கு ஆறு மாரத்தான் வீதம் ஓடியவர்களை ஹெர்மன் பான்ட்சர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரங்கள் மாதங்களாக நீளும்போது மனித உடல் தாங்கிச் செலவழிக்கக்கூடியது, ஓய்வில் செலவழிப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்குதான் என்று அவர்கள் வாதிடுகிறார்கள். தசையோ நுரையீரலோ முட்டுக்கட்டை போடுவதற்கு முன்னால் குடல் போட்டுவிடுகிறதாம். ஒருநாளில் அது உறிஞ்சிக் கொடுக்கக்கூடியதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. உங்களுக்கு அந்த வரம்பு 4,000 சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி ஆயிரமும் உங்கள் உடம்பிலிருந்துதான் போகும். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. நூறு நாளில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று கண்ணாடி முன் நின்று யோசித்துப் பாருங்கள்.

எடை போவதோடு முடிந்தால் பரவாயில்லை. வரவு குறைந்தால் உடம்பு கெட்டிக்காரத்தனமாகச் சிக்கனம் பிடிக்கும். அந்த 2015 ஓட்டக்காரர்களிடமும், ஓடும் தூரம் குறையாதபோதே மற்றச் செலவுகளை உடம்பு வெட்டியது தெரிந்தது. எதை வெட்டும் என்று நம்மைக் கேட்காது. ஹார்மோன், நோய் எதிர்ப்பு, தூக்கம், எலும்பைக் கட்டும் வேலை என்று எதிலும் கைவைக்கலாம். அந்தக் கணைக்கால் ஆறுவதும் இந்தச் சாப்பாட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. இப்போதே நீங்கள் குறைவாகச் சாப்பிட்டு நிறைய ஓடிக்கொண்டிருக்கலாம். ஆறு மாதத்தில் எத்தனை கிலோ இறங்கியது என்று எழுதவில்லை. டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், வைட்டமின் டி-யும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது, பசிக்கும்முன் சாப்பிடுவது. ஓடும்போது அரை மணிக்கு ஒருமுறை இரண்டு வாய், மணிக்கு ஐம்பது அறுபது கிராம் மாவுச்சத்தாவது சேருகிற மாதிரி. ஓடி நின்ற அரை மணிக்குள் ஒரு முழுச் சாப்பாடு. படுக்கும்முன் இன்னொன்று, அதில் கொழுப்பும் புரதமும் தாராளமாக. இனிப்பு ஜெல்லையே நம்பிப் போகிறவர்களுக்குப் பத்தாம் நாளில் அந்த வாசனையே குமட்டும். உப்பும் காரமுமாக, மெல்லக்கூடிய உணவு பையில் இருக்க வேண்டும். குடலுக்கும் பயிற்சி வேண்டும் என்பதைப் பலர் நம்புவதில்லை. நீண்ட ஓட்டங்களில் சாப்பிட்டுக்கொண்டே ஓடிப் பழகினால் குடல் மெல்ல மெல்ல இடம் கொடுக்கும். ஒரு விஷயத்தை நண்பரிடம் ஒப்படையுங்கள். காலையில், சிறுநீர் கழித்த பிறகு, ஒரே எடை இயந்திரத்தில் உங்களை நிறுத்தி எழுதிவைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் மூன்று கிலோவுக்கு மேல் இறங்கினால் தூரத்தைக் குறைக்க வேண்டும். பேரம் கிடையாது.

தண்ணீரில் இரண்டு பக்கமும் பள்ளம். குறைந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், கூடினால் ஆகும் ஆபத்து பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்குத்தான், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்களுக்குத்தான் அது முக்கியமாக வந்தது. தலைவலி, குமட்டல், மோதிரம் இறுகுமளவு விரல் வீக்கம், பேச்சில் தடுமாற்றம் என்று தொடங்கி வலிப்புவரை போகும். களைப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் ஆளே போய்விடலாம். ஆகவே மணிக்கு இத்தனை மில்லி என்று கட்டாயமாகக் குடிக்காமல், தாகத்துக்குக் குடியுங்கள். உப்பைச் சாப்பாட்டில் சேருங்கள். சிறுநீர் காபி நிறத்தில் போனால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இங்கேதான் வருகிறது. ஐபுபுரூஃபன் வகை வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. நீண்ட ஓட்டத்தில், வெயிலில், ஏற்கெனவே அதற்கு ரத்தம் குறைவு. போதாக்குறைக்கு இந்த மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும் என்பதை மாரத்தானைவிட நீண்ட தூரம் ஓடும் அல்ட்ரா ஓட்டக்காரர்களிடம் செய்த ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. விரிசலை மறைத்து ஓட வைத்தது போதாதென்று இது வேறு.

கணைக்காலுக்கு அடுத்து, பல நாள் ஓட்டத்தில் நான் அதிகம் பார்ப்பது கணுக்காலின் முன்பக்கம். ஒருவரைச் சொல்கிறேன். ஒன்பதாம் நாள் மாலை வண்டியின் பின்படியில் உட்கார்ந்திருந்தார். வலது பாதத்தின் மேற்பக்கம் புறங்கையளவுக்கு வீங்கியிருந்தது. கணுக்காலின் முன்னால் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொன்னேன். விரலுக்கடியில் நறநறவென்று ஓர் உரசல். காய்ந்த மணலில் நடப்பதுபோல, காதுக்குக் கேட்காமல் விரலுக்கு மட்டும் தெரிகிற உரசல். பாதத்தைத் தூக்கும் தசைநாண் அதன் உறைக்குள் அழற்சியாகிவிட்டது என்று பொருள். ஷூவைப் பார்த்தேன். காலையில் அவிழாமல் இருக்கட்டும் என்று லேஸை மேல்துளைவரை இறுக்கிக் கட்டியிருந்தார். மதியத்துக்குள் பாதம் வீங்கும்போது அந்த முடிச்சு நேராகத் தசைநாண்மேல் அழுத்தியிருக்கிறது. அந்த இடத்துத் துளைகளை மட்டும் விட்டுவிட்டு லேஸைப் பக்கவாட்டில் செங்குத்தாக ஏற்றினோம், குதிகாலுக்கடியில் அரை அங்குலம் உயர்த்தினோம், இரண்டு நாள் நடை மட்டும். பன்னிரண்டாம் நாள் மறுபடி ஓடினார். லேஸ் விஷயத்தை ஒன்பது நாள் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாளும் மிஞ்சியிருக்கும்.

ஷூவைப் பற்றி இவ்வளவு போதும்: இரண்டு அளவு வரிசையில் வாங்குங்கள், இப்போதைய அளவில் பாதி, அதற்கு ஒன்று பெரியதில் பாதி. மூன்றாம் வாரத்துப் பாதம் முதல்நாள் பாதம் அல்ல. இரண்டு மூன்று ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள். எந்த பிராண்டு என்று கேட்காதீர்கள், இதுவரை உங்களுக்கு ஒத்துவந்ததே நல்ல பிராண்டு. கொப்புளத்துக்கு டேப்பை அது வந்த பிறகு ஒட்டுவதைவிட, வரும் என்று தெரிந்த இடத்தில் விடிகாலையில் காய்ந்த தோலில் ஒட்டுவது மேல்.

ஷூ என்று சொன்னதும் சாலை நினைவுக்கு வருகிறது. சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்துத்தான் ஓட வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரே சரிவில் நூறு நாள் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே இறங்கும். உங்களுக்கு வலிப்பது அந்தப் பக்கத்துக் காலா என்று பாருங்கள். சாலையோர மண்பாதை, போக்குவரத்தில்லாத உட்சாலை எங்கே கிடைத்தாலும் அங்கே மாறிவிடுங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983-இல் சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு 875 கி.மீ. பந்தயத்தில் கிளிஃப் யங் என்ற 61 வயது உருளைக்கிழங்கு விவசாயி இளைஞர்களையெல்லாம் தோற்கடித்தார், 5 நாள் 15 மணி நேரம். பாதத்தைத் தரையிலிருந்து அதிகம் தூக்காத, காலை இழுத்து இழுத்து வைக்கிற ஓட்டம் அவருடையது. பார்க்க அழகாக இருக்காது. ஒவ்வோர் அடியும் எலும்பில் இறக்கும் அடி குறைவு. உங்கள் மாரத்தான் ஓட்டப் பாணியை இந்தக் காரியத்துக்கு வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 25 நிமிடம் ஓட்டம், 5 நிமிடம் நடை என்று முதல் மணியிலிருந்தே தொடங்குங்கள். களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்காமலிருக்க நடப்பது வேறு.

வண்டியில் வரும் நண்பர் எத்தனை நாள் வருவார்? நூறு நாளும் ஒரே ஆளா? ஓடுகிறவருக்குப் பாராட்டு கிடைக்கும், ஓட்டுகிறவருக்கு மணிக்கு ஏழு கிலோமீட்டரில் ஊர்கிற வண்டியும் உங்கள் எரிச்சலும்தான் கிடைக்கும். ஓடுகிறவரின் கால் நன்றாக இருந்தும், மூன்றாம் வாரத்தில் நண்பர்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோய் ஓட்டமே நின்றதைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது இரண்டு பேர், நாலு வாரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். வண்டி வேண்டாம் என்று தனியாகப் போகிறவர்களும் உண்டு. ரோஸி ஸ்வேல்-போப் தன் 57-வது பிறந்தநாளில், 2003-இல், வேல்ஸிலிருந்து புறப்பட்டுச் சாமான்களை ஒரு சின்னத் தள்ளுவண்டியில் தானே இழுத்துக்கொண்டு உலகைச் சுற்றினார். 2008-இல் ஊர் திரும்பினார். அவருக்கு ஐந்து வருடம் இருந்தது.

நாற்பது தாண்டியவர் என்பதால் இதயத்தையும் பார்த்துவிடுங்கள். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் சோதனை மூன்றும். குடும்பத்தில் யாராவது ஐம்பதுக்குள் திடீரென்று இறந்திருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஓடும்போது நெஞ்சு படபடவென்று தாளம் தப்பினால் அதையும்.

கடைசியாக உங்கள் மனைவி. ‘நீங்கள் சொன்னால் கேட்பார்’ என்று அந்த வேலையை என்னிடம் தள்ளியிருக்கிறீர்கள். நான் செய்யமாட்டேன். ராத்திரி கால் குடைவதைப் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். மாத்திரை அட்டை காலியாவதையும் பார்த்திருப்பார். அவர் பைத்தியக்காரத்தனம் என்றது ஓட்டத்தையா, இந்தக் காலோடு ஓடுவதையா என்று நீங்கள் கேட்டீர்களா? தமிழில் கண்டம் என்றால் நிலப்பரப்பும் உண்டு, உயிருக்கு வரும் ஆபத்தும் உண்டு. நீங்கள் ஒன்றைச் சொல்கிறீர்கள், அவர் காதில் மற்றது விழுகிறது. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். படத்தை டாக்டர் விளக்கும்போது இருவருமே பார்க்கட்டும்.

விரிசல் என்று வந்தால் இந்த வருடப் பயணம் இல்லை. விடுப்பை மாற்றக் கேளுங்கள், கிடைக்காவிட்டாலும் இல்லைதான். விரிசல் இல்லாவிட்டால், அல்லது அது ஆறிய பிறகு, வலியில்லாத நாலைந்து மாதப் பயிற்சி முடித்து ஓர் ஒத்திகை செய்யுங்கள். பத்து நாள், நாளுக்கு 40 கி.மீ., அதே வண்டி, அதே ஆட்கள், அதே சாப்பாடு. பதினோராம் நாள் காலையில் படுக்கையை விட்டு இறங்கும்போது முதல் பத்து அடி எப்படி இருந்தது என்பதை உங்கள் மனைவியை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதவேண்டாம், உங்களுக்கு எப்போதும் ‘பரவாயில்லை’தான். அந்தத் தாளையும் எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் எனக்கு அனுப்புங்கள், அட்டவணையை அப்போது உட்கார்ந்து பார்ப்போம். டாக்டரிடம் போகும்போது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஷூவைத் துடைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள். அடிப்பகுதி எந்த ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும்.